ஓஎஃப்டிஎம் சமிக்ஞையின் உச்சத் திறனைக் குறைப்பது எப்படி: தொடக்கநிலையாளர்களுக்கான வழிகாட்டி

வைஃபை, எல்டிஇ (4ஜி), 5ஜி, டிஜிட்டல் தொலைக்காட்சி ஆகிய அனைத்திலும் தகவலைச் சுமந்து செல்வது ஒற்றை ஊர்தி அலை அன்று. பத்துக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கு வரை நெருக்கமாக அடுக்கப்பட்ட துணை ஊர்திகளின் தொகுப்பு. ஓஎஃப்டிஎம் எனப்படும் இம்முறையின் அடிப்படையை 1966-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் முன்வைத்தார். ஒவ்வொரு துணை ஊர்திக்கும் தனித்தனி அலையியற்றி தேவையில்லை, ஃபூரியர் உருமாற்றமே அவ்வேலையைச் செய்துவிடும் என்று 1971-இல் வைன்ஸ்டைனும் எபர்ட்டும் காட்டிய பிறகே அது கட்டுப்படியாகும் செலவில் செய்யக்கூடியதாயிற்று. கட்டடங்களில் மோதிப் பல பாதைகளில் வந்து சேரும் அலைகளை இம்முறை எளிதாகச் சமாளிக்கிறது. ஆனால் அனுப்பும் பக்கத்தில் ஒரு தொல்லையையும் கூடவே கொண்டுவருகிறது. துணை ஊர்திகள் அனைத்தும் கூடும்போது சில கணங்களில் சமிக்ஞையின் திறன் சராசரியைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு எகிறிவிடுகிறது. உச்சத் திறனுக்கும் சராசரித் திறனுக்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் துறையினர் பிஏபிஆர் என்கிறார்கள்.

ஃபூரியர் உருமாற்றம், பண்பேற்றம் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்த பொறியியல் மாணவரையும், ரேடியோ வன்பொருள் அல்லது பேஸ்பேண்ட் குழுவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. கணினியில் ஆக்டேவ் அல்லது பைத்தான் இருந்தால் போதும். தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: பிஏபிஆர் என்ற எண்ணைக் குறைப்பது நம் நோக்கம் அன்று. சமிக்ஞையை அனுப்புமுன் வலுப்படுத்தும் திறன் பெருக்கியை அதன் செறிவு நிலைக்கு, அதாவது அதற்குமேல் வெளியீடு கூடாத எல்லைக்கு, எவ்வளவு நெருக்கமாக இயக்க முடிகிறது என்பதே கேள்வி. பிஏபிஆர் அதற்கான ஓர் அறிகுறி மட்டுமே. இதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் துரத்திய ஆய்வுக் கட்டுரைகள் இத்துறையில் ஏராளம்.

உச்சம் எங்கிருந்து வருகிறது

கணினியைத் தொடுமுன் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட நான்கு துணை ஊர்திகளை எடுத்துக்கொண்டு, நான்கிலும் +1 என்ற மதிப்பை ஏற்றுங்கள். தலைகீழ் ஃபூரியர் உருமாற்றத்தை, அதன் வகுக்கும் காரணியை விட்டுவிட்டு வெறும் கூட்டலாகச் செய்தால், கிடைக்கும் நான்கு மாதிரிகள் 4, 0, 0, 0. திறன்கள் 16, 0, 0, 0, சராசரி 4, ஆகவே விகிதம் 4, அதாவது 6 டெசிபெல். இப்போது கடைசித் துணை ஊர்தியின் குறியை மட்டும் மாற்றி +1, +1, +1, −1 என்று வையுங்கள். மாதிரிகள் 2, 2ஜே, 2, −2ஜே என்று வருகின்றன (ஜே என்பது கற்பனை அலகு). நான்கின் திறனும் 4. விகிதம் 1, அதாவது 0 டெசிபெல். அனுப்பப்பட்ட மொத்த ஆற்றலில் மாற்றமில்லை, ஒரே ஒரு குறி மாறியதில் உச்சம் மறைந்துவிட்டது. தேர்வடம் பிடித்தவர்கள் அனைவரும் ஒரே நொடியில் இழுப்பதற்கும், ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆனால் இரண்டாவது விடையில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. 0 டெசிபெல் என்பது நான்கு மாதிரிப் புள்ளிகளில் மட்டுமே உண்மை. டிஜிட்டல்–அனலாக் மாற்றியைக் கடந்தபின் பெருக்கி காண்பது தொடர் அலையை. அது அந்தப் புள்ளிகளுக்கு இடையில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன தொகுப்புக்குத் திறனைக் கோணத்தின் சார்பாக எழுதினால், நான்குடன் சைனின் வர்க்கத்தையும் கொசைனையும் பெருக்கிய எட்டு மடங்கைக் கூட்டியதாக அமைகிறது. அதன் பெரும மதிப்பு ஏறத்தாழ 7.08, சராசரியான 4-ஆல் வகுத்தால் 1.77, அதாவது ஏறக்குறைய 2.5 டெசிபெல். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் மேலும் மூன்று புள்ளிகளைச் சேர்த்து, நான்கு மடங்கு மிகைமாதிரி எடுத்துக் கணக்கிட்டால் 2.3 டெசிபெல் வருகிறது. உண்மை மதிப்புக்கு மிக அருகில். மிகைமாதிரி எடுக்காமல் அளந்த பிஏபிஆரை நம்பக் கூடாது என்று பாடநூல்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

பெருக்கிக்கு ஏன் இது சுமை

ஒரு பி வகுப்புப் பெருக்கி முழு வீச்சில் இயங்கும்போது கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு பயனுறுதிறனைத் தரும். உச்சங்களுக்கு இடம் விடுவதற்காக வெளியீட்டை 10 டெசிபெல் கீழே இறக்கினால், சீரான ஓர் அலைக்கு, அது 25 விழுக்காட்டுக்குச் சரிகிறது; 7 டெசிபெல் மட்டும் இறக்கினால் 35 விழுக்காட்டில் நிற்கும். சராசரியாக 20 வாட் அனுப்ப வேண்டிய ஒரு தளத்துக்கு இதை வாட் கணக்கில் பாருங்கள். முதல் நிலையில் 200 வாட் உச்சம் தரக்கூடிய பெருக்கியை வாங்கி, மின்வழங்கியிலிருந்து 80 வாட் இழுத்து, 60 வாட்டை வெப்பமாக வெளியேற்ற வேண்டும். இரண்டாம் நிலையில் 100 வாட் பெருக்கியே போதும், இழுப்பது 57 வாட், வெப்பம் 37 வாட். கோபுர உச்சியில் காற்றாடி இல்லாமல் வெயிலில் தொங்கும் ரேடியோப் பெட்டிக்கு இந்த 23 வாட் பெரிய விஷயம். பெல் ஆய்வகத்தில் வில்லியம் டோஹர்ட்டி 1936-இல் வகுத்த பெருக்கி அமைப்பு இன்று தளநிலையங்களில் பரவலாகப் பயன்படுவதற்கும் இதே தேவைதான் காரணம். இறக்கிய நிலையிலும் பயனுறுதிறன் அவ்வளவாகச் சரியாமல் அது காக்கிறது.

இடம் விடாமல் இயக்கினால் என்ன ஆகும்? பெருக்கி உச்சங்களைத் தன் போக்கில் நசுக்கும். அதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பெறும் பக்கத்தில் பண்பேற்றப் புள்ளிகள் தம் இடத்திலிருந்து சிதறுகின்றன. இதை ஈவிஎம் என்ற விழுக்காட்டால் அளப்பார்கள். பக்கத்து அலைவரிசைக்குள்ளும் திறன் கசிகிறது. இதை ஏசிஎல்ஆர் என்ற டெசிபெல் மதிப்பால் அளப்பார்கள். நம் வேலை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள்தான் நடக்கப்போகிறது.

படி 1: சமிக்ஞையை உருவாக்குதல்

256 துணை ஊர்திகளுடன் தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் கியூபிஎஸ்கே புள்ளி ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுங்கள்; வீச்சு மாறாமல் நான்கு கட்டங்களில், அதாவது அலைக் கோணங்களில், ஒன்றைக் குறிப்பது இது. நான்கு மடங்கு மிகைமாதிரிக்காக 1024 நீளமுள்ள ஒரு வரிசையை எடுத்து, முதல் 128 இடங்களில் நேர் அதிர்வெண்களுக்குரிய மதிப்புகளையும், கடைசி 128 இடங்களில் எதிர் அதிர்வெண்களுக்குரிய மதிப்புகளையும் வைத்து, நடுவில் உள்ள 768 இடங்களைச் சுழியால் நிரப்புங்கள். சுழிகள் அனைத்தையும் வரிசையின் கடைசியில் கொட்டினாலும் உச்சத்தின் புள்ளியியல் மாறாது என்பது உண்மையே. ஆனால் நிறமாலை மையத்திலிருந்து விலகிவிடும், பின்னால் வடிகட்டும்போது தலைவலி தரும். ஆகவே தொடக்கத்திலேயே நடுவில் வைத்துப் பழகுவது நல்லது. பிறகு தலைகீழ் உருமாற்றத்தைச் செய்தால் ஒரு குறியீட்டுக்குரிய, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தொகுப்புக்குரிய, 1024 மாதிரிகள் கிடைக்கும். காப்பு இடைவெளியாகச் சேர்க்கும் சுழல் முன்னொட்டு அதே குறியீட்டின் வால்பகுதியின் நகல்தான் என்பதால் உச்சத்தை அது மாற்றாது. இக்கட்டத்தில் அதை விட்டுவிடலாம்.

விகிதத்தின் கீழே வரும் சராசரியை ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனியே எடுக்காமல், நீண்ட ஓட்டத்தின் சராசரியாக எடுங்கள். கியூபிஎஸ்கேயில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வீச்சும் கட்டமும் மாறும் 64 புள்ளிகளைக் கொண்ட 64-க்வாம் பண்பேற்றத்தைப் பயன்படுத்தும்போது குறியீட்டுக்குக் குறியீடு சராசரி மாறும். பெருக்கிக்கோ இயங்குபுள்ளி ஒன்றே.

படி 2: சிசிடிஎஃப் வரைந்து சரிபார்த்தல்

துணை ஊர்திகளின் எண்ணிக்கை எவ்வளவோ, கோட்பாட்டளவில் வரக்கூடிய பெரும விகிதமும் அவ்வளவு மடங்கு. அதன்படி 64-க்கு 18 டெசிபெல், 256-க்கு 24, 1024-க்கு 30. இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 256 துணை ஊர்திகளில் கியூபிஎஸ்கே புள்ளிகளை வைக்கும் வழிகள் 2-இன் 512-ஆம் அடுக்கு. அவற்றுள் அந்தப் பெரும உச்சத்தைத் தருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நடைமுறையில் அவை வரவே வராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, குறிப்பிட்ட ஒரு வரம்பை எத்தனை குறியீடுகள் தாண்டுகின்றன என்பதுதான். வரம்பைக் கிடை அச்சிலும், அதைத் தாண்டும் நிகழ்தகவை மடக்கை அளவில் நிலை அச்சிலும் குறித்து வரையும் கோட்டைத்தான் சிசிடிஎஃப் என்கிறோம்.

துணை ஊர்திகள் போதிய அளவு இருக்கும்போது மைய எல்லைத் தேற்றத்தின்படி சமிக்ஞையின் வீச்சு ராலே பரவலை அடைகிறது. அதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது: துணை ஊர்திகளின் எண்ணிக்கையை வேண்டிய நிகழ்தகவால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்தால், அந்த நிகழ்தகவில் தாண்டப்படும் விகிதம் கிடைத்துவிடும். 256-ஐ ஆயிரத்தில் ஒன்றால் வகுத்தால் 2,56,000. அதன் மடக்கை 12.45, அதாவது 11 டெசிபெல். 64 துணை ஊர்திகளுக்கு இது 10.4, 1024-க்கு 11.4. எண்ணிக்கை பதினாறு மடங்கானபோதும் உச்சம் ஒரு டெசிபெல்தான் கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மிகைமாதிரி எடுத்த சமிக்ஞைக்கு, துணை ஊர்திகளின் எண்ணிக்கையை 2.8 மடங்காக வைத்து இதே கணக்கைப் போடுவது வழக்கம். அப்போது 256-க்கு 11.3 டெசிபெல் வரும்.

உங்கள் நிரலின் கோடு ஆயிரத்தில் ஒன்று என்ற மட்டத்தில் இதற்கு அருகே விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பிழை பெரும்பாலும் சராசரி எடுத்த முறையிலோ, டெசிபெலுக்கு மாற்றும்போது 10-க்குப் பதில் 20 என்று எழுதியதிலோ இருக்கும். ஆயிரத்தில் ஒன்று நிகழும் ஒன்றை நம்பகமாகக் காண அது நூறு முறையாவது நிகழ வேண்டும். எனவே ஒரு லட்சம் குறியீடுகளுக்குக் குறைவாக ஓட்டிவிட்டுக் கோட்டின் வாலைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள். இந்தக் கோடு சரியாக அமையாமல் அடுத்த படிக்குப் போவது வீண்.

படி 3: எல்லைகளைக் குறித்துக்கொள்ளுதல்

எந்தத் தரநிலைக்காகச் செய்கிறீர்களோ அதன் எல்லைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஇ, 5ஜி தளநிலையங்களுக்கு, கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு விதித்துள்ள ஈவிஎம் எல்லை கியூபிஎஸ்கேக்கு 17.5 விழுக்காடு, 16-க்வாமுக்கு 12.5, 64-க்வாமுக்கு 8, 256-க்வாமுக்கு 3.5. பக்கத்து அலைவரிசைக் கசிவு, 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தளநிலையங்களுக்குப் பொதுவாக 45 டெசிபெலாவது கீழே இருக்க வேண்டும். கைபேசிக்கு 30 போதும். ஈவிஎம் எல்லை முழுவதையும் உச்சக் குறைப்புக்கே செலவிட முடியாது. அலையியற்றியின் கட்ட இரைச்சலுக்கும் பெருக்கியின் எஞ்சிய திரிபுக்கும் அதிலிருந்தே பங்கு போக வேண்டும்.

படி 4: வெட்டி வடிகட்டுதல்

முதலில் கற்க வேண்டியதும், பல இடங்களில் கடைசிவரை போதுமானதாக இருப்பதும் இந்த முறைதான். ஒரு வரம்பை வைத்து, அதைத் தாண்டும் மாதிரிகளின் வீச்சை அந்த வரம்புக்கே வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது கட்டம் மாறக் கூடாது. அதாவது, சிக்கலெண்ணை அதன் வீச்சால் வகுத்து வரம்பால் பெருக்க வேண்டும். மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் தனித்தனியே வெட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அப்படிச் செய்தால் வரம்பு வட்டமாக இல்லாமல் சதுரமாகிவிடும், மூலைகளில் வீச்சு 1.4 மடங்கு வரை தப்பித்துப் போகும், கட்டமும் திரிந்துபோகும்.

எவ்வளவு வெட்டலாம்? ராலே பரவலிலிருந்து இதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். சராசரிக்கு மேல் 7 டெசிபெலில் வெட்டினால் நேரத்தின் 0.67 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 150 மாதிரிகளில் ஒன்று, கத்தியைச் சந்திக்கும். அதனால் விளையும் பிழை ஈவிஎம் கணக்கில் 2.3 விழுக்காடு அளவில் வரும். 5 டெசிபெலுக்கு இறக்கினால் 4.2 விழுக்காடு மாதிரிகள் வெட்டுப்படும், பிழை 6.6 விழுக்காடாகும். 4 டெசிபெலில் அது 10 விழுக்காட்டை நெருங்கி, 64-க்வாமின் எல்லையைக் கடந்துவிடும். இவை மிகைமாதிரி எடுக்காமல் ஒருமுறை வெட்டிய நிலைக்கான எண்கள். மிகைமாதிரி எடுத்து வெட்டினால் பிழையின் ஒரு பகுதி பட்டைக்கு வெளியே விழுவதால், உள்ளே தங்குவது சற்றுக் குறையும். 7-க்கும் 5-க்கும் இடையில் பிழை மூன்று மடங்காவதைக் கவனித்தால், கடைசி ஒரு டெசிபெலுக்காகப் பிடிவாதம் பிடிப்பது எப்போதும் இலாபமாகாது என்பது விளங்கும்.

வெளியே விழுந்த பிழைதான் பக்கத்து அலைவரிசைக் கசிவு. அதை நீக்க, வெட்டிய 1024 மாதிரிகளை மீண்டும் அதிர்வெண் களத்துக்குக் கொண்டுபோய், நடுவில் சுழி வைத்திருந்த அந்த 768 இடங்களை மறுபடியும் சுழியாக்கி, நேரக் களத்துக்குத் திரும்பி வாருங்கள். கசிவு அறவே நீங்கிவிடும். ஆனால் வெட்டுப்பட்ட கூர்முனைகள் இப்போது வழவழப்பாகி மேலே எழும்பியிருக்கும். 7 டெசிபெலில் வெட்டியது, ஆயிரத்தில் ஒன்று என்ற மட்டத்தில் 8 டெசிபெலுக்கு மேலும் நிற்கும். ஆகவே மீண்டும் வெட்டி, மீண்டும் வடிகட்ட வேண்டும். மூன்று அல்லது நான்கு சுற்றுகளில் உச்சம் இலக்கை நெருங்கும். அதற்கு மேல் ஓட்டினால் பலன் மிகக் குறைவு, ஈவிஎம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு உச்சம், ஈவிஎம் இரண்டையும் ஒரே படத்தில் குறித்து வாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். வெட்டுவதால் சமிக்ஞை ஒட்டுமொத்தமாகச் சற்றுச் சுருங்குகிறது என்பதால், ஈவிஎம் கணக்கிடுமுன் அந்தச் சுருக்கத்தை ஒரே ஒரு பெருக்கு எண்ணால் சரிசெய்துவிட வேண்டும். இல்லையென்றால் திரிபே இல்லாத சுருக்கத்தையும் பிழையாக எண்ணிவிடுவோம்.

பல அலைவரிசைகளை ஒன்றாகச் சுமக்கும் தளநிலையங்களில் முழு உருமாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது சிரமம். அங்கே உச்சத்தைக் கண்ட இடத்தில், அனுமதிக்கப்பட்ட பட்டைக்குள் அடங்குமாறு முன்பே வடிவமைத்து வைத்த ஒரு துடிப்பை வேண்டிய அளவுக்குப் பெருக்கிக் கழிப்பார்கள். உச்ச நீக்கம் எனப்படும் இதுவும் அடிப்படையில் வெட்டி வடிகட்டுவதே. செய்யும் வழிதான் வேறு. இரண்டு உச்சங்கள் அருகருகே வரும்போது இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தேவைக்கு மேல் கழித்துவிடும் என்பதை மட்டும் வடிவமைப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

படி 5: திரிபில்லா முறைகளைச் சோதித்தல்

வெட்டினால் பிழை வரும் என்பதால், பிழையே இல்லாமல் உச்சத்தைத் தவிர்க்கும் வழிகளை 1990-களில் பலர் தேடினார்கள். அவற்றுள் பெயர்பெற்றது 1996-இல் போய்மல், ஃபிஷர், ஹூபர் ஆகியோர் முன்வைத்த எஸ்எல்எம். ஒரே தகவலை நான்கு வெவ்வேறு கட்ட வரிசைகளால் பெருக்கி, நான்கு முறை தலைகீழ் உருமாற்றம் செய்து, உச்சம் மிகக் குறைவாக உள்ளதை அனுப்புவதே அதன் சாரம். முதல் பக்கத்துக் கணக்கில் +1, +1, +1, +1 என்ற தொகுப்பை +1, +1, +1, −1 என்ற வரிசையால் பெருக்கிப் பாருங்கள், முறை விளங்கிவிடும். 256 துணை ஊர்திகளுக்கு, ஆயிரத்தில் ஒன்று என்ற மட்டத்தில், 11 டெசிபெல் என்பது இரண்டு வரிசைகளில் 9.5 ஆகவும், நான்கில் 8.6 ஆகவும், எட்டில் 7.9 ஆகவும், பதினாறில் 7.4 ஆகவும் இறங்குகிறது. உழைப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது, பலனோ தேய்ந்துகொண்டே போகிறது.

எந்த வரிசை பயன்பட்டது என்பதைப் பெறுநருக்குச் சொல்லியாக வேண்டும். நான்கு வரிசைகளுக்கு இரண்டு பிட் போதும் என்றாலும், அந்த இரண்டு பிட்டில் பிழை நேர்ந்தால் குறியீடு முழுவதும் பாழ். பிடிஎஸ் முறையில், துணை ஊர்திகளை நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் உருமாற்றி வைத்துக்கொண்டு, நான்கு வகைக் கட்டங்களால் சேர்த்துப் பார்க்கலாம். முதல் தொகுதியை மாற்றாமல் வைத்தால் சோதிக்க வேண்டியவை 64 சேர்க்கைகள். சொல்ல வேண்டியது ஆறு பிட். கற்பதற்கு இவ்விரண்டும் அருமையானவை. நீங்களே நிரல் எழுதிப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு குறைவானது அன்று. ஆனால் எல்டிஇயோ வைஃபையோ இவற்றை ஏற்கவில்லை. ஏற்கெனவே விற்கப்பட்ட கோடிக்கணக்கான பெறுநர்களுக்கு இந்தக் கூடுதல் பிட்டுகளைப் பற்றித் தெரியாது. வேலைக்காகப் படிப்பவர் இவற்றில் மாதக்கணக்கில் தங்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பெறுநரைத் தொந்தரவு செய்யாத வழி, சில துணை ஊர்திகளைத் தகவலுக்குத் தராமல் உச்சத்தைக் குறைப்பதற்கென்றே ஒதுக்குவது. ஒதுக்கிய இடங்களில் மட்டும் ஒன்று வைத்து உருமாற்றினால் கூர்மையான ஒரு துடிப்பு கிடைக்கும். உச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே அதை நகர்த்திக் கழிக்கலாம். ஒதுக்கிய ஊர்திகளும் தகவல் ஊர்திகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் தகவலில் துளியும் பிழை சேராது. பெறுநர் அந்த ஊர்திகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது இடத்தேர்வு. ஒதுக்கும் இடங்களைச் சம இடைவெளியில் வைத்தால் துடிப்பு ஒன்றாக இல்லாமல் திரும்பத் திரும்ப வரும், ஓரிடத்தில் கழித்தது வேறிடத்தில் புதிய உச்சத்தைக் கிளப்பும். ஒன்றாகக் குவித்து வைத்தால் துடிப்பு அகன்று மழுங்கிவிடும். ஒழுங்கற்றுச் சிதறி வைப்பதே நல்ல துடிப்பைத் தருகிறது. டிவிபி-டி2 தொலைக்காட்சித் தரநிலை ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஊர்திகளை இதற்காகவே ஒதுக்க இடம் தருகிறது. வெளிவிளிம்புப் பண்பேற்றப் புள்ளிகளை மேலும் வெளியே தள்ளி உச்சத்தைக் குறைக்கும் மற்றொரு முறையையும் அத்தரநிலை ஏற்றிருக்கிறது. சுழற்றிய புள்ளியமைப்புடன் மட்டும் அதைச் சேர்த்துப் பயன்படுத்த இயலாது. கிலோவாட் கணக்கில் இயங்கும் ஒலிபரப்புக் கோபுரங்களில் இந்தச் சிறு ஒதுக்கீடு மின்கட்டணத்திலேயே தன்னை ஈடுகட்டிக்கொள்கிறது.

கோலே நிரப்பு வரிசைகளைக் கொண்டு குறிமுறை அமைத்தால் உச்சம் 3 டெசிபெலைத் தாண்டாது என்று 1999-இல் டேவிஸும் ஜெட்வாப்பும் நேர்த்தியாகக் காட்டினார்கள். ஆனால் துணை ஊர்திகள் கூடக் கூட அனுப்பக்கூடிய தகவலின் வீதம் மிக வேகமாகச் சரிந்துவிடுவதால், நூற்றுக்கணக்கான ஊர்திகளுக்கு அது உதவாது.

படி 6: அனுப்புவது கைபேசியா என்று கேட்டல்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தளநிலையத்துக்கும் ஒலிபரப்பிக்கும் பொருந்துபவை. மின்கலத்தில் இயங்கும் கைபேசிக்கு, உச்சம் வந்தபின் அடக்குவதைவிட வராமல் செய்வதே மேல். அதனால்தான் எல்டிஇ, தன் முதல் வெளியீட்டிலிருந்தே, கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் பாதையில் நேரடி ஓஎஃப்டிஎமைக் கைவிட்டது. தகவலை முதலில் ஒருமுறை ஃபூரியர் உருமாற்றம் செய்து, அதன்பின் துணை ஊர்திகளில் ஏற்றும் முறையை அது எடுத்துக்கொண்டது. இரண்டு உருமாற்றங்களும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்வதால், வெளியே வரும் அலை ஒற்றை ஊர்தி அலையைப்போல் நடந்துகொள்கிறது. உச்சம் 2 முதல் 3 டெசிபெல் வரை குறைகிறது. உங்கள் நிரலில் இதைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். சேர்த்து, இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். 16-க்வாம், 64-க்வாம் என்று ஏற ஏற இந்த இலாபம் சுருங்குவதும் தெரியும்.

5ஜியில் இம்முறை விருப்பத் தேர்வாகத் தொடர்கிறது. கூடவே, அடுத்தடுத்த பண்பேற்றப் புள்ளிகளை 90 பாகை சுழற்றி அனுப்பும் பை/2 பிபிஎஸ்கே என்ற பண்பேற்றமும் சேர்ந்திருக்கிறது. சுழற்சியால் அலையின் பாதை சுழியைக் கடப்பதில்லை, அதனால் உச்சம் மேலும் தணிகிறது. கிராமப்புறங்களின் பரந்த செல்களில் கைபேசியின் குரல் கோபுரத்தை எட்டவேண்டும் என்ற நோக்கில் இதை வலியுறுத்தியவர்களில் சென்னை ஐஐடியும், ஐதராபாத் ஐஐடியும், சென்னையில் உள்ள செவிட் ஆய்வு மையமும் உண்டு. அவர்களின் பங்களிப்புடன் உருவான 5ஜிஐ தரநிலையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2021-இல் ஏற்றது.

படி 7: பெருக்கியை வைத்துத் தீர்ப்புச் சொல்லுதல்

இப்போது உங்களிடம் நான்கைந்து முறைகளும் அவற்றின் சிசிடிஎஃப் கோடுகளும் இருக்கும். எந்தக் கோடு இடப்பக்கம் அதிகம் நகர்ந்திருக்கிறதோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராப் மாதிரி என்ற எளிய பெருக்கிச் சமன்பாட்டை நிரலில் எழுதுங்கள். சிறிய வீச்சுகளை அப்படியே கடத்தி, செறிவை நெருங்கும்போது மெல்ல வளைந்து படுத்துவிடும் கோடு அது. வளைவின் மென்மையைக் குறிக்கும் காரணியை 2 அல்லது 3 என்று வைத்தால் திண்மநிலைப் பெருக்கிக்குப் பொருந்தும். ஒவ்வொரு முறையின் சமிக்ஞையையும் அதன் வழியே அனுப்பி, செறிவிலிருந்து 12 டெசிபெல் கீழே தொடங்கி அரை டெசிபெல் அரை டெசிபெலாக மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஈவிஎம், ஏசிஎல்ஆர் இரண்டில் ஏதேனும் ஒன்று எல்லையைத் தொடும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முறை செறிவுக்கு மிக அருகில் வந்து நிற்கிறதோ அதுவே வென்றது.

இப்படிப் பார்க்கும்போது வரிசை மாறிவிடுவது வழக்கம். சிசிடிஎஃப்பில் 3 டெசிபெல் இலாபம் காட்டிய முறை பெருக்கியில் ஒரு டெசிபெல்கூடத் தராமல் போகலாம். ஆயிரத்தில் ஒரு குறியீட்டில் வரும் ஒரே ஒரு கூர்முனை பெருக்கியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அடிக்கடி வரும் நடுத்தர உச்சங்கள்தான் கசிவை உண்டாக்குகின்றன. இதனாலேயே 3ஜிபிபி, கைபேசி எவ்வளவு திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆராய்ந்தபோது, பிஏபிஆரை விட்டுவிட்டு வீச்சின் மூன்றாம் அடுக்கை அடிப்படையாகக் கொண்ட கியூபிக் மெட்ரிக் என்ற அளவைக் கையிலெடுத்தது. பெருக்கியின் திரிபில் மூன்றாம் அடுக்கு உறுப்பே தலையாயது.

இன்றைய தளநிலையங்களில் பெருக்கியின் வளைவை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்துச் சரிசெய்யும் டிஜிட்டல் முன்திரிப்பும் இருக்கும். சங்கிலியில் உச்சக் குறைப்பு முதலிலும் முன்திரிப்பு அதற்குப் பின்னும் வர வேண்டும். முன்திரிப்பு உச்சங்களை வேண்டுமென்றே உயர்த்தி அனுப்புகிறது. அதன்பின் வெட்டினால் அது செய்த வேலையை நாமே அழித்தவர்களாவோம். உச்சக் குறைப்பின் இலக்கை அமைக்கும்போது, முன்திரிப்பு உயர்த்துவதற்கென்று ஒன்றிரண்டு டெசிபெல் இடம் விட்டு வையுங்கள். செறிவைத் தாண்டிய பகுதியை எந்த முன்திரிப்பாலும் மீட்க முடியாது.

படி 8: வன்பொருளில் அளத்தல்

நிரலில் தேர்ந்த சமிக்ஞையைச் சமிக்ஞை இயற்றியில் ஏற்றி, முதலில் பெருக்கி இல்லாமல் நேரடியாக ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். அனலைசரின் பட்டை அகலம் சமிக்ஞையின் அகலத்தைவிடப் போதிய அளவு பெரிதாக இல்லையென்றால் கருவியே உச்சங்களை மழுக்கிக் காட்டும். அதன் சிசிடிஎஃப் கோடு உங்கள் நிரலின் கோட்டோடு பொருந்திய பிறகே பெருக்கியை நடுவில் வையுங்கள். இடையில் தணிப்பானை மாட்ட மறக்காதீர்கள். வேறொரு வேறுபாட்டையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: நிரலில் ஒரு குறியீட்டுக்கு ஓர் உச்சம் என்று எண்ணினோம், அனலைசரோ ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே எண்ணுகிறது. இரண்டு கோடுகளையும் அப்படியே ஒப்பிட்டால் 2 டெசிபெலுக்கு மேல் விலகல் தெரியும். ஒப்பிடுமுன் நிரலையும் மாதிரிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெருக்கிக்குப் பின் எடுத்த கோடு, முன் எடுத்த கோட்டைவிட மேல்முனையில் சட்டென்று செங்குத்தாக இறங்கினால், அந்த இடத்தில் பெருக்கி நசுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இலக்கை இன்னும் சற்று இறக்கலாமா, சராசரித் திறனைக் குறைக்க வேண்டுமா என்பதை அங்கிருந்து முடிவு செய்யலாம். பக்கத்து அலைவரிசைகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கசிவு சமமாக இல்லாமல் ஒருபக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால், பெருக்கிக்கு நினைவுத் தன்மை இருக்கிறது, அதாவது இப்போதைய வெளியீடு முந்தைய மாதிரிகளையும் சார்ந்திருக்கிறது. வெட்டும் வரம்பை எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது. முன்திரிப்பில் நினைவு உறுப்புகளைக் கூட்டிப் பயிற்றுவித்து, மீண்டும் ஏழாம் படியிலிருந்து அளக்க வேண்டும்.